வீதியில் சேர்ந்து செல்வது குற்றமா?

(நகர வரியிறுப்பாளர் கூட்டமொன்றில், துவிச்சக்கர வண்டி ஓட்டுவோர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பெரிய அரசியற் பிரச்சினை எதனையும் பேசுவதற்காக நான் இந்த மேடையில் ஏறவில்லை. மாதத்தில் ஒரு நாள், ஏறத்தாழ ஒரு மணி நேரம், நம் பட்டினத்து வீதிகளில் நாற்பது ஐம்பது பேர் ஒன்றுசேர்ந்து துவிச்சக்கர வண்டி ஓட்டலாமா, ஓட்டக்கூடாதா என்பதே இன்றைய கேள்வி. இதற்கும் ஒரு கூட்டமா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரிப்பவர்கள் சிறிது பொறுத்துக் கேட்கவேண்டும். இந்தச் சிறிய கேள்விக்குக் கிடைத்த பதிலிலே, வீதி யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்விக்கான பதிலும் ஒளிந்து கிடக்கிறது.

நடந்தது இதுதான். ஐந்து மாதங்களுக்கு முன், மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சந்தை முன்றலில் பதினொரு பேர் தத்தம் சைக்கிள்களுடன் கூடினார்கள். துண்டுப்பிரசுரம் அடிக்கவில்லை, சங்கம் அமைக்கவில்லை, தலைவர், செயலாளர், தனாதிகாரி என்று எவரையும் தெரிவு செய்யவில்லை. நம்மவர் மூவர் கூடினால் நான்கு பதவிகளை உண்டாக்குவதே வழக்கம். இவர்கள் அதைச் செய்யாதது கண்டு நானே வியந்தேன். ஊரைச் சுற்றி ஓடினார்கள். ஆறேகால் மணிக்குக் கலைந்தார்கள். அடுத்த மாதம் இருபது பேர். அதற்கடுத்த மாதம் மீன் விற்கும் ஒருவர் தமது பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். ஒரு மேசன் வந்தார். ஓய்வுபெற்ற இலிகிதர் ஒருவர் வந்தார். தனியார் வகுப்புக்குப் போகும் மாணவியர் ஐவர் வந்தனர். நான்காம் மாதம் நாற்பதைத் தாண்டியது. அம்மாதந்தான் நானும் சேர்ந்தேன். எனது முழங்கால்கள் அதனை இன்னும் மறக்கவில்லை.

ஐந்தாம் மாதம் பிரதான சந்தியில் மறிக்கப்பட்டோம். "உங்கள் தலைவன் யார்?" என்று வினவினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தப் பார்வையையே குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள் போலும். அனைவரையும் திருப்பி அனுப்பினார்கள். மாணவியர் ஐவரும் சைக்கிளிலிருந்து இறங்கித் தலைகுனிந்து உருட்டிக்கொண்டு வீடு சென்றதை நான் கண்டேன். பின்னர் விண்ணப்பம் எழுதினோம். மூன்று வரியில் பதில் வந்தது. பொறுப்பான அமைப்பாளர் இல்லாமையாலும், செல்லும் பாதை முன்கூட்டி வரையறுக்கப்படாமையாலும், போக்குவரத்துக்கு இடையூறு நேரக்கூடுமாதலாலும் அனுமதி வழங்க முடியாதாம்.

அன்பர்களே! பதில் எழுதியவர்களை நான் பழிக்க வரவில்லை. தலைவன் இல்லாத கூட்டத்தைக் கண்டு அஞ்சுவது அதிகாரத்தின் இயல்பு. தலைவன் இருந்தால் அழைத்துப் பேசலாம், எச்சரிக்கலாம், வேண்டுமாயின் பிடித்து அடைக்கலாம். தலைவனே இல்லையென்றால் எந்தக் கையைப் பிடிப்பது? ஆனால் இந்தச் சங்கடம் நம் ஊருக்கு மட்டும் வந்ததன்று. உலகின் பெரும் பட்டினங்கள் பல இதே கேள்வியில் இடறியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று இலண்டன் மாநகரம். அங்கு நடந்ததைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். ஏனெனில் நமக்கு வந்த மூன்று வரிகளில் முதலிரண்டும் அங்கே உயர்ந்த நீதிபதிகளின் முன்னிலையில் வைத்து ஆராயப்பட்டன.

1992 செப்டெம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சில பத்துப் பேர் மாலையில் வேலை முடிந்து ஒன்றாகச் சைக்கிளில் வீடு திரும்பத் தொடங்கினார்கள். அதற்குக் 'கிரிற்றிக்கல் மாஸ்' என்று பெயர் வந்தது. போதிய திரள் என்று நாம் கூறலாம். சீனத்தில் விளக்கில்லாத சந்திகளிலே சைக்கிள்காரர்கள் வாகனங்களுக்கு அஞ்சி ஓரத்தில் நிற்பார்களாம். நின்றவர் தொகை போதிய அளவு பெருகியதும் எல்லோரும் ஒன்றாகச் சந்தியைக் கடப்பார்களாம். ஒரு விவரணப் படத்தில் விளக்கப்பட்ட அக்காட்சியிலிருந்தே அப்பெயர் பிறந்தது. நம் ஊர்ச் சந்தியில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் இடையே அகப்பட்டு நின்றவர் எவருக்கும் இந்தப் பெயருக்கு விளக்கவுரை தேவையில்லை.

இவ்வழக்கம் 1994 ஏப்ரலில் இலண்டனுக்கு வந்தது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, தேம்ஸ் நதியின் தென்கரையிலே, தேசியத் திரைப்பட அரங்கின் அருகில் கூடுவார்கள். அமைப்பாளர் இல்லை. பாதையும் இல்லை, முன்னால் போகிறவர் திரும்பும் பக்கம் எல்லோரும் திரும்புவர். பல ஆண்டுகள் பொலிசாரும் தம் சைக்கிள்களில் உடன் சென்றார்கள். 2005 செப்டெம்பரில் திடீரெனப் பொலிசார் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, ஊர்வலம் நடத்துவோர் ஆறு முழு நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும். திகதி, நேரம், பாதை, அமைப்பாளரின் பெயர், விலாசம் ஆகியன அதில் இருக்கவேண்டும். இவை இல்லாத ஊர்வலம் சட்டவிரோதமானது என்பதே கடிதத்தின் சாரம்.

டெஸ் கே என்பவர் நீதிமன்றம் சென்றார். 2006இல் முதல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் பொலிசார் பக்கம் நின்றது. வழக்கு பிரபுக்கள் சபைக்குப் போயிற்று. அக்காலத்தில் அதுவே அந்நாட்டின் இறுதி நீதிமன்றம். 2008 நவம்பர் 26ஆம் நாள் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஏகமனதாகச் சைக்கிள்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்கினார்கள்.

அவர்கள் எதைக் கொண்டு தீர்மானித்தார்கள்? அச்சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு. வழக்கமாக நடைபெறும் ஊர்வலத்துக்கு முன்னறிவிப்பு வேண்டியதில்லை. பாதை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, ஆகையால் ஒவ்வொன்றும் புதிய ஊர்வலமே என்று பொலிசார் வாதித்தனர். நீதிபதிகள் அதனை ஏற்கவில்லை. கூடும் இடம் ஒன்று, கிழமை ஒன்று, நேரம் ஒன்று, பெயர் ஒன்று, பல்லாண்டுகளாக நடந்து வருவது. பாதை மாறுவதனால் வழக்கம் என்ற தன்மை கெட்டுவிடாது என்றார்கள். சட்டம் கேட்கும் பாதை விவரம் எவராலும் கொடுக்கமுடியாத ஓர் ஊர்வலத்துக்கு அச்சட்டம் முற்றாகப் பொருந்துமா என்ற ஐயமும் அங்கே எழுந்தது.

நமது கூட்டத்துக்குப் பதினான்கு ஆண்டு வழக்கம் இல்லை. ஐந்து மாதமே ஆயிற்று. ஆதலால் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே அடிக்க நான் முயலவில்லை. அமைப்பாளர் இல்லை, பாதை இல்லை என்ற இரண்டு காரணங்களும் நாம் நினைத்த அளவுக்கு மலையல்ல என்பதைக் காட்டவே சொன்னேன்.

அடக்கி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1997 ஜூலை 25ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நகர முதல்வர் வில்லி பிறவுண் இந்த ஓட்டத்துக்குக் கடிவாளம் போட முனைந்தார். அன்று சில ஆயிரம் பேர் திரண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அடுத்த மாதம் ஓட்டம் நின்றதா? நிற்கவில்லை. நியூயோர்க்கிலே 2004 ஓகஸ்ற் 27ஆம் நாள், குடியரசுக் கட்சியின் மாநாட்டுக்குச் சற்று முன், ஒரே இரவில் இருநூற்றைம்பது பேருக்கு மேல் பிடித்தார்கள். பின்னர், ஐம்பது பேர் சேர்ந்து ஓடினால் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று 2007இல் விதி செய்தார்கள். பிடிக்கப்பட்டவர்களும் அபராதச் சீட்டுப் பெற்றவர்களும் வழக்குத் தொடர்ந்தனர். 2010இல் அந்நகரம் 83 பேருக்கு 9 இலட்சத்து 65 ஆயிரம் டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. நம் சபையின் தனாதிகாரி இத்தொகையை ரூபாவில் கணக்கிட்டுப் பார்க்கவேண்டாம். அவருக்கு இரவில் நித்திரை வராது.

இனி, எமது பக்கத்துக் குறைகளையும் ஒளிக்காமல் பேசவேண்டும். முன்வரிசையில் இருக்கும் இளைஞர்களே, இது உங்களுக்கு. நான்காம் மாதம் நீங்கள் ஐவர் கைகோத்து வீதியை முழுவதும் அடைத்து ஓடினீர்கள். பின்னால் ஓட்டோ ஒன்றில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார் என்பதை நீங்கள் கவனித்தீர்களா? பக்கவீதிகளில் ஒருவர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி வாகனங்களை மறிப்பது மேல்நாட்டில் இவ்வோட்டத்தின் ஒரு முறை. கூட்டம் இடையில் அறுந்துபோகாமல் இருக்க அது உதவும் என்பது உண்மை. வாகனக்காரரின் கோபம் அங்கிருந்துதான் பிறக்கிறது என்பதும் உண்மை. வைத்தியசாலை வீதியில் அதனை ஒருபோதும் செய்யக்கூடாது. பிறேக் இல்லாத சைக்கிளோடு வந்தவர் மூவர். அவர்களின் பெயரை நான் சொல்லமாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

வெற்றி பெற்ற இலண்டன்காரரும் எல்லையற்ற உரிமை பெற்றுவிடவில்லை. 2012 ஜூலை 27ஆம் நாள் ஒலிம்பிக் விளையாட்டின் தொடக்க விழா இரவு. அன்று நதியின் வடகரைக்குச் செல்லக்கூடாது என்று பொலிசார் நிபந்தனை விதித்தார்கள். அதை மீறிச் சென்றவர்களில் 182 பேர் கைதாயினர். அத்தனை பேரைப் பிடித்தது மிகை என்பதே எனது எண்ணம். ஆயினும் நியாயமான நிபந்தனைக்கு இடமில்லை என்று நாம் சொல்லப்போவதில்லை.

சபையார் பின்பற்ற விரும்பினால் வேறொரு வழியும் திறந்திருக்கிறது. அது தடுக்கும் வழியன்று, கையேந்தி ஏற்கும் வழி. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1974 டிசெம்பர் 15ஆம் நாள் சில ஆர்வலர் தாமாகவே முன்வந்து ஆயிரக்கணக்கானோரைச் சைக்கிளுடன் வீதிக்கு அழைத்து வந்தார்கள். அந்நகராட்சி அவர்களை விரட்டவில்லை. 1976இல் கட்டளை பிறப்பித்து அதையே நகரின் வழக்கமாக்கிற்று. இன்று அங்கே ஞாயிறுதோறும் விடுமுறை நாள்தோறும் காலை ஏழு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதிகள் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. சைக்கிளும் நடையும் குழந்தைகளும் மட்டுமே அங்கு செல்லலாம்.

பொகோட்டா தூரதேசம் என்பீர்களா? பாக்கு நீரிணைக்கு அப்பால் நம்மைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு புகட்டிற்று. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பிக்க ஊக்கமளித்தார். சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்கவும் வழி செய்தார். கல்லுடைக்கும் பெண்களும், ஊர் தாதியரும் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமற்போகவே, குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். அந்தக் கம்பியில் பிள்ளையை இருத்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம். 1992 மார்ச் 8ஆம் நாள், அனைத்துலகப் பெண்கள் தினத்தன்று, 1,500 பெண்களுக்கு மேல் சைக்கிளில் அப்பட்டினத்து வீதிகளை நிறைத்தார்கள். ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். அருவருப்பாகப் பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் அங்கே நிருவாகம் சைக்கிளின் பக்கம் நின்றது. அந்த ஒரு வேறுபாட்டை மட்டும் சபையார் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். எமது மாணவியர் ஐவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன மாலையில், இங்கே நிருவாகம் எந்தப் பக்கம் நின்றது?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். அனுமதி, அனுமதி என்று எல்லோரும் பேசுகிறோம். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஊர்வலம் தொடங்குவதற்கு ஆறு மணித்தியாலங்களுக்கு முன் அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்கிறது. கவனியுங்கள்: இலண்டனிலே ஆறு நாள்; இங்கே ஆறு மணி. அதுவும் அறிவித்தல், அனுமதி அன்று. பொது ஒழுங்கைக் காப்பதற்கு அவசியமெனக் கருதினால் தடைசெய்யவோ நிபந்தனை விதிக்கவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதையும் மறைக்கவில்லை. ஆனால் அது காரணத்தோடு செய்யவேண்டிய காரியம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 14ஆம் உறுப்புரையில், அமைதியாகக் கூடும் சுதந்திரத்தையும் நாட்டிலே நடமாடும் சுதந்திரத்தையும் குடிமக்களுக்கு வழங்குகிறது. நாற்பது பேர் சைக்கிளில் பால் வாங்கப் போனால் அது போக்குவரத்து. நாற்பது பேர் சேர்ந்து போனால் அது இடையூறு என்ற கணக்கு எனக்கு விளங்கவில்லை. மோட்டார் வாகனங்கள் நாற்பது வரிசையாக நின்று ஒலியெழுப்பும் கலியாண ஊர்வலத்தை எவர் மறித்தார்?

இந்தச் சைக்கிளுக்கு நம் மண் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் கேளுங்கள். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அற்றுப்போனபோது வடபகுதியை நடத்தியது எது? மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய சில மோட்டார் சைக்கிள்களா? நோயாளியைக் கரியரில் இருத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது சைக்கிள். விறகும் நெல்லும் சுமந்தது சைக்கிள். மின்சாரமும் பற்றரியும் இல்லாத இரவுகளில் அதன் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் இறுதியில், மழையில், குடாநாட்டு மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்த அந்த இரவில் சைக்கிளின் இருபுறமும் தொங்கிய பைகளில் எத்தனை குடும்பங்களின் முழுச் சொத்தும் இருந்தது! அதைப் பற்றி மேலே பேச எனக்குத் தெம்பில்லை. பின்னர் 2022இல் எரிபொருள் வரிசைகள் நாள்கணக்கில் நீண்டபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தவர் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொன்னால் சபை அங்கத்தவர்களும் உயர்த்தவேண்டியிருக்கும்.

பஞ்சத்துக்கு வேண்டிய வண்டி, பஞ்சம் நீங்கியதும் வீதியின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. போருக்குப் பின் வீதிகள் அகன்றன, காப்பெற் இட்டார்கள், வரவேற்றோம். வீதி வழுவழுப்பாகியதும் வாகனத்தின் வேகம் கூடிற்று. சைக்கிளுக்கு என்று ஒரு முழ இடமும் ஒதுக்கப்படவில்லை. மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளை, விளக்கில்லாத சைக்கிளில் வேலையால் திரும்பும் கூலியாள், இவர்கள் தனித்தனியே ஓரத்தில் ஒதுங்குகிறார்கள். மகளைச் சைக்கிளில் அனுப்ப அஞ்சிக் கடன்பட்டு ஸ்கூட்டர் வாங்கிய தாயொருவர் இதே மண்டபத்தில் இருக்கிறார். மாதத்தில் ஒரு மாலையாவது நாற்பது பேர் சேர்ந்து போகும்போது, லொறிச் சாரதியின் கண்ணில் நாம் படுகிறோம். அவர் கண்ணுக்கு நாம் பழகவேண்டும். எங்கள் ஓட்டத்தின் பயன் என்னவென்று கேட்டால், இதற்கு மேல் எனக்கொன்றும் சொல்லத் தெரியாது.

ஒரு காலத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் ஆண்டுதோறும் சைக்கிளுக்கு வரி அறவிட்டுத் தகடு கொடுத்தன. தகடில்லாத சைக்கிளைச் சந்தியில் மறித்ததையும், எனது தந்தையார் மடியிலிருந்து சில்லறை எண்ணிக் கொடுத்ததையும் நான் மறக்கவில்லை. வரி வாங்கும்போது சைக்கிள் வாகனமாகத் தெரிந்தது. வீதி கேட்கும்போது மட்டும் இடையூறாகத் தெரியலாமா?

ஆகையால் நாங்கள் கேட்பது மிகச் சொற்பம். சபை எங்களுக்குப் பணம் தரவேண்டாம், மாலை போடவேண்டாம். அடுத்த மூன்று மாதங்களுக்கு இதனைப் பரீட்சார்த்தமாக நடக்கவிட்டுப் பார்க்கட்டும். தலைவன் இல்லை என்ற குறையைத் தீர்க்க, மாதந்தோறும் இருவர் மாறி மாறித் தம் பெயரையும் விலாசத்தையும் கொடுத்து அறிவித்தலில் ஒப்பமிடுவார்கள். அவர்கள் அம்மாதத்துக்குக் கடிதம் வாங்கவும் கொடுக்கவும் உரியவர்கள், தலைவர்கள் அல்லர். முதல் மாதத்துக்கு ஓய்வுபெற்ற இலிகிதரும் நானும் ஒப்பமிடுகிறோம். வைத்தியசாலை வீதியை முற்றாகத் தவிர்ப்போம். இருவர் இருவராகவே ஓடுவோம். நோயாளர் வண்டியின் ஒலி கேட்டால் அத்தனை பேரும் இடப்புறம் இறங்கி நிற்போம். இதை ஒருமுறை பழகியும் பார்த்தாயிற்று. இருட்டுமுன் கலைவோம். பிரதான சந்தியிலும் பஸ் நிலையச் சந்தியிலும் போக்குவரத்துப் பொலிசார் இருவர் பத்து நிமிடம் நின்றால் போதும். மூன்று மாதத்தின் பின் பொலிசாரும் சபையும் நாங்களும் கூடிப் பேசுவோம். பஸ் சாரதிகளையும் சந்தைக் கடைக்காரரையும் அழையுங்கள். அவர்கள் முறையிட்டால் கேட்கக் காத்திருக்கிறோம்.

மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று அங்கத்தவர் ஒருவர் வாசலில் வைத்து என்னிடம் கேட்டார். சந்தையில் தனித்தனியே வந்து, தனித்தனியே புறப்பட்டு, தற்செயலாக ஒரே வீதியில் போவோம் என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தலைவர் அவர்களே! துவிச்சக்கர வண்டி ஓட்டுவோரின் மாதாந்த மாலை ஓட்டத்தை மூன்று மாதங்களுக்கு இடையூறின்றி நடைபெற விடும்படியும், அதன் பின் அதனைப் பற்றி வெளிப்படையாக விசாரித்து முடிவு செய்யும்படியும் நகர சபையை இக்கூட்டம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பிரேரிக்கிறேன். பொலிஸ் நிலையத்துக்கு நாங்கள் கொடுக்கவிருக்கும் அறிவித்தலின் பிரதி இதோ. இதனைச் சபை அங்கத்தவர்களின் கையில் கொடுத்துவிட்டு அமர்கிறேன்.